கணக்கில் வராத ஒயின்

எங்கள் ஊர் ஒயின்ஷாப்பில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அதனால் ஐம்பது வயது வரைக்கும் ஒயினைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. மகள் ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனாள், அப்புறம்தான் அது வந்தது.

தலைநகர் திபிலீசியில் நம் பிள்ளைகள் இப்போது ஏராளம். சபுர்தாலோ பக்கம் சாயங்காலம் நடந்தால் கொங்குத் தமிழும் நெல்லைத் தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். 2022 செப்டம்பரில் மகளுக்குக் கை முறிந்தது. துணைக்குப் போன நான் பனிக்காலம் தொடங்கும் வரை அங்கேயே தங்கிவிட்டேன். வீட்டுக்காரம்மா அதே கட்டடத்தில் கீழே குடியிருந்தார். வயது அறுபத்தைந்து. பல்கலைக்கழகத்தில் படித்து, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி அவரை ‘பெபியா’ என்று கூப்பிடுவாள், அதாவது பாட்டி. என் மகளும் அப்படியே கூப்பிட்டாள். கடைசியில் என் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. அவருக்கு ஜார்ஜிய மொழியும் ரஷ்ய மொழியும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. பேத்திக்கு ஆங்கிலம் தெரியும், ரஷ்ய மொழி தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்குள் இப்படி! பெபியா சொன்னதெல்லாம் பேத்தி வழியாகவும், மருத்துவமனை வார்டில் என் மகள் கற்றுக்கொண்ட அரைகுறை ஜார்ஜிய மொழி வழியாகவும்தான் எனக்கு வந்து சேர்ந்தது. இதில் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்.

ஜார்ஜியா அப்போது சோவியத் ஒன்றியத்தில் ஒரு குடியரசு, பெபியா வளர்ந்தது கம்யூனிசத்தில். நானும் ஒரு வகையில் கம்யூனிசத்தில் வளர்ந்தவள்தான், ஆனால் வழவழப்பான தாளில். அப்பா கோவில்பட்டியில் பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். வீட்டுக்கு ‘சோவியத் நாடு’ வரும். படித்து முடித்ததும் அதன் பக்கங்கள் என் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையாகிவிடும். என் கணக்குப் புத்தகத்தைப் பல மாதங்கள் மூடியிருந்தது ஒரு திராட்சைத் தோட்டம். தலையில் துணி கட்டிய பெண்கள் கூடை நிறையப் பழத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போட்டால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சடித்து வந்த கனமான புத்தகங்கள் அங்கே பஸ் காசுக்குக் கிடைக்கும். அந்த நாட்டில் எல்லா மொழிக்கும் மரியாதை உண்டு, நம் தமிழையே அங்கே அச்சடிக்கிறார்கள் பார் என்பார் அப்பா. அவர் சொன்னது பொய் இல்லை. அந்தப் புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, தையல்கூட விடவில்லை.

பெபியாவிடம் அந்தத் திராட்சைப் படத்தைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை டன் என்று கீழே போட்டிருந்தார்களா?”

போட்டிருப்பார்கள்தான்.

அவர் பிறந்தது ககேத்தியில், அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். ஜார்ஜிய ஒயினில் பெரும்பங்கு அந்தப் பகுதியிலிருந்துதான் வருகிறது. வடக்கே காகசஸ் மலை சுவர் எழுப்பியதுபோல நிற்க, அதன் அடிவாரம் முழுக்கத் திராட்சைக் கொடிதான். அவருடைய அப்பா கூட்டுப்பண்ணையில் வேலை பார்த்தார். பண்ணைத் தோட்டத்துப் பழம் லாரியில் ஏறி ஒயின் ஆலைக்குப் போகும். வீட்டுக்குப் பின்னால் குடும்பத்துக்கென்று விட்டிருந்த சிறு நிலத்துப் பழம் வீட்டு மரானிக்குப் போகும். மரானி என்பது ஒயின் வைக்கும் அறை.

இரண்டும் ஒயின்தான். ஆனால் பெபியா இரண்டையும் ஒரே பெயரால் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆலையில் ஆவது ‘அவர்களுடையது’. அதற்கு நம்பர் உண்டு. சம்த்ரெஸ்ட் என்ற அரசு அமைப்பின் கையில்தான் ஜார்ஜிய ஒயின் தொழில் முழுக்க இருந்தது. சினந்தாலி 1, முகுசானி 4, ஹ்வாஞ்ச்கரா 20, கிண்ட்ஸ்மராவுலி 22 என்று புட்டிகளுக்கு எண் கொடுத்து சோவியத் ஒன்றியம் முழுக்க அனுப்பினார்கள். ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை வகைகள் ஐந்நூறுக்கு மேல். அதிக மகசூல் தருபவையும் நோய் தாங்குபவையும் மட்டும் போதும் என்று திட்டம் சொன்னது. வெள்ளையில் ர்கட்சிதேலி, கறுப்பில் சபெராவி, இவையே கண்ணுக்கு எட்டிய வரை. மற்றவை ஆராய்ச்சித் தோட்டங்களிலும் யாராவது பிடிவாதக்காரர் வீட்டுப் பந்தலிலும் ஒதுங்கின.

இதைச் சதி என்றோ கொடுமை என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டன் கணக்கில் கேட்கிற எந்த வாங்குபவரும் இதைத்தான் செய்வார். பொதுவுடைமை ஜார்ஜிய ஒயினைத் தடை செய்யவில்லை, மொத்தமாகக் கொள்முதல் செய்தது. தடையைவிட இது வலுவானது என்பதை நான் அங்கே போய்த்தான் புரிந்துகொண்டேன். தடை செய்த பொருளுக்கு ஒரு கௌரவம் ஒட்டிக்கொள்ளும். மொத்தக் கொள்முதலில் அதுவும் மிஞ்சாது.

அக்டோபர் தொடக்கத்தில் ர்த்வேலிக்கு, அதாவது திராட்சை அறுவடைக்கு, எங்களையும் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். மகன் வண்டியோட்டினார். என் மகள் கட்டுப்போட்ட கையோடு முன்சீட்டில். திபிலீசிக் கடைகள் ஒன்றுவிடாமல் ‘8000 ஆண்டு ஒயின்’ என்று எழுதிவைத்திருப்பதைப் பார்த்து எனக்கு ஏற்கெனவே அலுத்திருந்தது. திபிலீசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா என்ற மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் கி.மு. 6000-ஐ ஒட்டிய ஒயின் எச்சம் இருப்பதாக 2017-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது உண்மைதான். அதற்காக டீ-ஷர்ட்டிலுமா? நமக்கும் கீழடி இருக்கிறதே, நாமும் அதைத்தானே செய்கிறோம் என்றாள் மகள். சரி, பேசாமல் வந்தேன்.

மரானியில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மண் தரை, அதில் வட்டவட்டமாகச் சில வாய்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு வாய்க்குக் கீழும் ஆள் உயரத்துக்குமேல் க்வெவ்ரி என்ற மண்தாழி ஒன்று கழுத்துவரை புதைந்திருக்கிறது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. அடி கூம்பி, இடுப்பு பருத்து, வாய் குறுகி இருக்கும். உட்புறம் சூட்டோடு தேன்மெழுகு பூசியிருப்பார்கள். மண்ணுக்கடியில் இருப்பதால் கோடையோ பனியோ உள்ளே ஒயினுக்குப் பெரிதாகத் தெரியாது. வருஷா வருஷம் ஒல்லியான ஒருவர் உள்ளே இறங்கிக் கழுவுவார், செர்ரி மரப்பட்டையால் கட்டிய தேய்ப்பானை வைத்து. சின்ன வயதில் அந்த வேலை பெபியாவுடையது. உள்ளே நின்று பாடினால் குரல் பெரிதாகக் கேட்கும், அதற்காகவே இறங்குவேன் என்றார்.

பழத்தை மரத்தொட்டியில் கொட்டிக் காலால் மிதிக்கிறார்கள். சாறு க்வெவ்ரிக்குள் இறங்குகிறது. ககேத்தி முறையில் அதோடு தோல், விதை, காம்பு எல்லாமே உள்ளே போகும். ஈஸ்ட் என்று தனியாக எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டொரு நாளில் தானாகவே பொங்கத் தொடங்கும். மேலே திரண்டுவரும் தோலை நாளைக்குப் பலமுறை நீண்ட கம்பால் கீழே அமுக்க வேண்டும், ராத்திரியிலும் எழுந்து. பொங்கி அடங்கித் தோல் தானாகக் கீழே உட்கார்ந்ததும் கல் மூடி வைத்துக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். திறப்பது வசந்தத்தில்தான். வெள்ளைத் திராட்சைதான், ஆனால் தோலோடு கிடந்ததால் கண்ணாடிக் கோப்பையில் பழுப்பு மஞ்சளாக இருக்கும். மீந்த சக்கையை வடித்தால் சாச்சா என்ற சாராயம். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

ஆலையில் இந்த முறை கிடையாது. அங்கே பெரிய தொட்டிகள், வடிகட்டி, சூடேற்றி, புட்டியில் அடைத்து அனுப்பினார்கள். க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை அது பிழைத்துக் கிடந்தது இப்படிப்பட்ட பின்கட்டுகளில்தான், எந்த ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்கிலும் பெரிதாக இடம்பெறாமல்.

குடித்தேனா? குடித்தேன். முதலில் துவர்ப்புதான் வந்தது. அப்புறம் என்னவோ உலர்ந்த பழ வாசனை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சங்கத்துக்காரர் என்றாலும் குடியை அடியோடு வெறுத்தவர்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில்தான் பெபியாவின் சின்ன வயது சரளமாக வெளியே வந்தது. ஜார்ஜிய விருந்துக்கு சுப்ரா என்று பெயர். அதை நடத்துகிறவர் தமடா. அவர் எழுந்து ஒன்றைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தாமல் யாரும் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. அமைதிக்கு, நாட்டுக்கு, பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு, இறந்தவர்களுக்கு என்று அது நீளும். சில நேரம் தமடா ‘அலாவெர்தி’ என்று பேச்சை இன்னொருவருக்குத் திருப்பிவிடுவார். அவர் எழுந்து தொடர வேண்டும். குடிப்பதைவிடப் பேச்சுதான் அதிகம்.

பெபியா பிள்ளையாக இருந்தபோது ஜாடியை எடுத்துவந்து ஊற்றுவது அவர் வேலை. பெரியவர்கள் பேசியதெல்லாம் காதில் விழும். பள்ளியில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பயனியர் அவர், அதாவது கட்சியின் சிறுவர் அமைப்பில் இருந்தவர். லெனினைப் பற்றிய கவிதையை நெட்டுருப் போட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கியவர். அதை வீட்டில் யாரும் கிண்டல் செய்ததில்லை. ஆனால் மேசையில் கேட்டதைப் பள்ளியில் சொல்லக் கூடாது என்பதை எப்போது கற்றுக்கொண்டார் என்று அவருக்கே நினைவில்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. தாத்தாவின் தம்பியை 1937-இல், ஸ்டாலின் ஆட்சியில், பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இறந்தவர்களுக்கான கோப்பையின்போது தாத்தா அவர் பெயரைச் சொல்ல மாட்டார். “வராதவர்களுக்கு” என்பார். மேசையில் இருந்த எல்லோருக்கும் யார் என்று தெரியும். விருந்துக்கு வந்திருக்கும் கூட்டுப்பண்ணைத் தலைவருக்கும் தெரியும். அவரும் எழுந்து நின்று குடிப்பார். மறுநாள் பண்ணை அலுவலகத்தில் அதே தலைவர், அதே தாத்தா, டன் கணக்கு.

நான் இங்கே ஒரு வேலை செய்தேன். எங்கள் மாநில முதலமைச்சர் பெயர் ஸ்டாலின் என்று சொன்னேன். பேத்தி மொழிபெயர்ப்பதற்கு முன்பே மேசை மொத்தமும் திரும்பியது. 1953 மார்ச் 1-ஆம் தேதி பிறந்தார், நான்கு நாளில் அங்கே ஸ்டாலின் இறந்தார், இரங்கல் கூட்டத்தில் பேசிய அப்பா பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார் என்று விளக்கினேன். மகன் விழுந்துவிழுந்து சிரித்தார். பெபியா சிரிக்கவில்லை. அந்த மார்ச்சில் தன் அம்மாவும் அழுதார் என்றார். மாமனாரின் தம்பியை அந்த ஆளின் அரசே கொண்டுபோன வீட்டில் இருந்துகொண்டு அழுதார். ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷேவ் அவரை விமர்சித்ததை எதிர்த்து 1956 மார்ச்சில் திபிலீசியில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டுச் செத்தார்கள். ஸ்டாலின் ஜார்ஜியர் ஆயிற்றே, எங்கள் ஆளைத் திட்டாதே என்பதற்காக. அவன் எங்கள் ஆளையே தின்றவன் என்பது அப்புறம். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

மொழி விஷயமும் ஒயின் விஷயமும் அங்கே ஒரே தடத்தில்தான் போயின. ஜார்ஜிய மொழியை மாஸ்கோ தடை செய்யவில்லை. 1920-களிலும் 30-களிலும் எத்தனையோ மொழிகளின் எழுத்தை லத்தீனுக்கும் பிறகு ரஷ்ய எழுத்துக்கும் மாற்றிய அரசு, ஜார்ஜியரின் 33 எழுத்தில் கை வைக்கவில்லை. பெபியா படித்ததும் ஜார்ஜியப் பள்ளியில்தான். திபிலீசியில் குன்றின்மேல் நிற்கிறாளே ஜார்ஜியத் தாய், ஒரு கையில் ஒயின் கிண்ணம், மறு கையில் வாள், அந்தச் சிலையை 1958-இல் நிறுவியது சோவியத் அரசு. அதே சிற்பி எல்குஜா அமாஷுகெலி செய்த தாய்மொழி நினைவுச்சின்னமும் 1983-இல் அதே அரசின் காலத்தில்தான் வந்தது. ஒயினுக்கும் மொழிக்கும் சிலைகளில் மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆய்வேட்டை ரஷ்ய மொழியில் எழுதி மாஸ்கோவுக்கு அனுப்பு. மேலே போக வேண்டுமென்றால் ரஷ்யன் வேண்டும். தொலைபேசியில் பெரிய இடத்து ஆள் பேசினால் ரஷ்யன்.

1978-இல் புதிய அரசியல் சட்ட வரைவு வந்தது. ஜார்ஜியக் குடியரசின் அரசு மொழி ஜார்ஜிய மொழி என்ற பழைய வாசகம் அதில் இல்லை. ஏப்ரல் 14. நமக்குச் சித்திரை முதல் நாள். பெபியாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய கூட்டத்தோடு ருஸ்தவேலி சாலையில் அரசு மாளிகை வரை நடந்தார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். 1956-இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும், பயமில்லாமல் எப்படி இருக்கும் என்றார். கட்சியின் ஜார்ஜியத் தலைவராக இருந்த ஷெவர்ட்நாட்சே வெளியே வந்து கூட்டத்தின் முன் பேசினார். கடைசியில் அந்த வாசகம் திரும்ப வந்தது. ஆர்மீனியாவிலும் அஜர்பைஜானிலும் அவரவர் மொழிக்கும் அப்படியே தப்பியது. துப்பாக்கி வெடிக்கவில்லை. நடந்தது நடந்ததுதானா என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

எங்கள் ஊரில் 1965-இல் வெடித்தது என்றேன். அவருக்கு அது புதுச் செய்தி. ஜனநாயக நாட்டில் ஏன் சுட்டார்கள் என்று கேட்டார். அப்பா சொல்லித்தந்த எந்தப் பதிலும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

பெபியா சொல்லாத ஒன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். 1938-இல் ஜார்ஜியாவுக்குள் இருந்த அப்காசியா பகுதியின் மொழிக்கு ஜார்ஜிய எழுத்தைச் சுமத்தினார்கள். ஸ்டாலின் இறந்தபிறகுதான் அது மாறியது. 1978-இல் திபிலீசி தன் மொழிக்காகத் தெருவில் நின்ற அதே காலத்தில் அப்காசியர்களும் திபிலீசியை எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். தொண்ணூறுகளில் அது போராகி, லட்சக்கணக்கான ஜார்ஜியர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். இதைக் கேட்டபோது பெபியா, “அது வேறு” என்றார். மகன் அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தன் மொழிக்கு வந்த காயத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் பக்கத்து மொழிக்குத் தாங்கள் செய்ததை நினைவில் வைத்திருப்பதில்லை. இதை ஜார்ஜியர்களுக்கு மட்டுமான குறையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒயினுக்குத் தடை ஒரு முறை வந்ததுதான், 1985 மே மாதம். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மது ஒழிப்பில் இறங்கினார். கடைகளில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் மது. ஒயின் விளையும் குடியரசுகளில் திராட்சைக் கொடிகளையே வேரோடு பிடுங்கினார்கள். கட்சியின் ஜெனரல் செக்ரட்டரியான அவரை, மினரல் வாட்டரை நினைத்து, மக்கள் மினரல் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். கல்யாணங்களில் தேநீர்க் கெண்டியிலிருந்து பிராந்தி ஊற்றினார்கள். பெபியாவின் அப்பா தன் கையால் நட்ட பண்ணைக் கொடிகள் ஒரு பகுதி டிராக்டருக்குப் போயின. அவர் கோபப்படவில்லையாம். அவை டன்னுக்கு நட்டவை, டன் வேண்டாம் என்கிறான், எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். வீட்டுப் பின்கட்டில் மட்டும் நாயை அவிழ்த்துவிட்டிருந்தார். எனக்கு அந்தக் கிழவரைப் பார்க்க முடியாமல் போனதில் வருத்தம்.

பிறகு ஒன்றியம் உடைந்தது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் நோண்டவில்லை. ஆசிரியர் சம்பளம் பேருக்குத்தான் இருந்தது, ஊரிலிருந்து வந்த ஒயினை மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றினோம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். சோவியத் காலத்தை முழுசாக வெறுக்கிறாரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. காசில்லாமல் படித்தது, கருங்கடல் ஓரத்தில் கழித்த கோடை விடுமுறை, இதையெல்லாம் சொல்லும்போது முகம் வேறு மாதிரி ஆகிவிடும். பேத்திக்கு அது பிடிக்காது.

நான் போயிருந்த அந்த இலையுதிர் காலத்தில் திபிலீசி முழுக்க ரஷ்யர்கள். உக்ரைன் போருக்கு ஆள் பிடிப்பார்கள் என்று பயந்து ஓடிவந்த பையன்கள். வாடகை ஏறிப் பல மாணவர்கள் வீடு மாற வேண்டிவந்தது. சுவரெல்லாம் ரஷ்யர்களைத் திரும்பிப் போகச் சொல்லும் எழுத்து. கடைகளில் அவர்கள் பெபியாவின் வயதைப் பார்த்துவிட்டு, தயங்காமல் ரஷ்ய மொழியில் ஆரம்பிப்பார்கள். சில நாள் பதில் சொல்வார். சில நாள் அந்த மொழியே தெரியாதவர்போல என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எந்த நாள் எது என்பதற்கு ஒரு விதியும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் மருந்துக்கடையில் அழுதுகொண்டிருந்த ஒரு ரஷ்யப் பெண்ணுக்கு அரை மணி நேரம் பேசி மருந்து வாங்கித்தந்தார்.

மகன் இப்போது க்வெவ்ரி ஒயினைப் புட்டியில் அடைத்துச் சின்ன அளவில் விற்கிறார். 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினை இறக்குமதி செய்யத் தடை விதித்தபோது நாடே திண்டாடியது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. தரத்தைத் திருத்திக்கொண்டு வேறு சந்தை தேட வேண்டியதாயிற்று. 2013-இல் தடை நீங்கியது, இப்போது மறுபடி பாதிக்கு மேல் அங்கேயே போகிறது. மகனிடமும் ஒரு ரஷ்ய வியாபாரி வந்திருந்தார். இருப்பது அத்தனையையும் எடுத்துக்கொள்வதாகவும், கொஞ்சம் இனிப்பாக்கித் தந்தால் அடுத்த வருஷம் இரண்டு மடங்கு எடுப்பதாகவும் பேச்சு. பேத்தி, அவர்களுக்கு ஒரு புட்டி போனாலும் நான் லேபிள் வரைந்து தர மாட்டேன் என்றாள். பெர்லினில் வாங்குகிறவன் எத்தனை புட்டி வாங்குவான், அதைச் சொல் என்றார் மகன். இருவரும் கத்திக்கொண்டார்கள். என் மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பெபியா போருக்கும் போகவில்லை, நியாயத்துக்கும் போகவில்லை. இனிப்பு எப்படி ஆக்குவாய், சர்க்கரை போட்டா என்று மட்டும் கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை. பின்கட்டு க்வெவ்ரியில் இருப்பது விற்பனைக்கு இல்லை, மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று எழுந்து போய்விட்டார். பேத்தி அதற்கும் சண்டை போட்டாள், அப்படிப் பிரித்துவைத்துதானே எழுபது வருஷம் ஓட்டினீர்கள் என்று. நான் ஊர் திரும்பும்போது வியாபாரிக்கு இன்னும் பதில் போகவில்லை.